சித்திரபுத்திரனார் ஏடும் ஒன்றரை மனிதர் கணக்கும்

சிவமயம்



சித்திராபூரணை தினத்தன்று எமது ஊர்க் கோயில்களிலே சித்திரபுத்திரனார் கதை படிப்பதும், படித்து முடிந்ததும் அடியார்களுக்குச் சித்திரைக் கஞ்சி வார்ப்பதும் நெடுங்கால வழக்கம். சித்திரபுத்திரனார் இயமதருமராசனின் கணக்கப்பிள்ளை. ஒவ்வோர் உயிரும் செய்த நன்மையையும் தீமையையும் ஒன்றும் விடாமல் ஏட்டில் எழுதி வைப்பவர். இங்கே டென்மார்க்கில் சித்திராபூரணை வரும் காலமும், வரித் திணைக்களம் அனுப்பும் வருடாந்தக் கணக்கைத் திருத்துவதற்குரிய மே 1ஆந் திகதியும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. கணக்குத் தொழிலால் சீவிக்கும் எமக்கு இந்தப் பொருத்தத்தை ஒவ்வொரு வருடமும் நினையாதிருக்க முடிவதில்லை.

சித்திரபுத்திரனாரின் ஏட்டைப் பற்றி ஒரு விடயத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அதிலே ஆளுக்கொரு பக்கம் உண்டு. அரசனுக்கும் ஒரு பக்கம், அடிமைக்கும் ஒரு பக்கம். ஆனால் இனத்துக்கென்று ஒரு பக்கமோ, சாதிக்கென்று ஒரு பக்கமோ, சமயத்துக்கென்று ஒரு பக்கமோ கிடையாது. "நான் சைவன், என் கணக்கைச் சைவர் பக்கத்தில் சேர்த்துக் கொள்ளுங்கள்" என்று அங்கே யாரும் சொல்ல இயலாது.

அப்படியாயின், சமயம் அதிகாரத்தின் பக்கத்திலே போய் நிற்கும்போது என்ன நடக்கிறது? இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, சமயம் அதிகாரத்திடம் கணக்குக் கேட்கிறது. அல்லது அதிகாரத்தின் கணக்கைத் தானே அழித்துக் கொடுக்கிறது. இந்த இரண்டையும் பற்றி இவ்விதழில் சிறிது சிந்திப்போம்.

ஆராய்ச்சி மணியும் எல்லாளனும்

மனுநீதி கண்ட சோழனின் வரலாறு நாம் அனைவரும் சிறுவயதிலேயே கேட்டது. திருவாரூரில் நடந்ததாகச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே இதனை வைத்திருக்கிறார். இதே கதை மகாவம்சத்திலும் உண்டு என்பது எம்மவரிற் பலருக்குத் தெரியாது. அங்கே அது அநுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளனின் கதை. அரசனின் படுக்கைத் தலைமாட்டில் ஒரு மணி; அதிலிருந்து நீளும் கயிறு. நீதி வேண்டுவோர் யாரும் இழுக்கலாம். அரசனின் ஒரே மகன் ஓட்டிய தேர்ச்சில்லு ஒரு கன்றின் மேல் ஏறியது. தாய்ப்பசு வந்து கயிற்றை இழுத்தது. அரசன் அதே சில்லினால் மகனுக்குத் தண்டனை விதித்தான்.

இன்னுமொரு சம்பவத்தையும் மகாவம்சம் சொல்கிறது. எல்லாளனின் தேர் தற்செயலாக ஒரு புத்த தூபியிலே மோதி அதனைச் சேதப்படுத்தியது. அரசன் உடனே இறங்கி, தேர்ச்சில்லினால் தன் தலையைத் துண்டிக்கும்படி சொன்னான். அமைச்சர்கள் தடுத்தனர். பெயர்ந்தவை 15 கற்கள். அவற்றைத் திருத்துவதற்கு 15,000 கஹாபண நாணயம் செலவிட்டான் என்பது அந்நூலின் செய்தி.

எழுதியவர் ஒரு பௌத்த பிக்கு. மகாநாம தேரர் என்பது மரபு. அவர் பார்வையில் எல்லாளன் வேற்று நாட்டவன், வேற்றுச் சமயத்தவன். ஆயினும் நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே நீதி வழங்கினான் என்று எழுதி வைத்தார். பகைவனின் வரவுப் பக்கத்தை மறைக்காமல் எழுதுவதற்கு நேர்மை வேண்டும். அந்த நேர்மைக்காக நாம் அவருக்குத் தலைவணங்க வேண்டும்.

ஒன்றரை மனிதர்

ஆனால் அதே நூல், சில அதிகாரங்கள் தாண்டி, வேறொரு கணக்கையும் எழுதியிருக்கிறது. எல்லாளனை வென்ற துட்டகைமுனு மாளிகையின் மேல்மாடத்தில் இருக்கிறான். வெற்றி அவனுக்கு இன்பம் தரவில்லை. போரிலே மாண்ட எண்ணற்ற மனிதரை நினைந்து வருந்துகிறான். அப்போது பியங்குதீபம் என்னும் இடத்திலிருந்து எட்டு அரகத்துகள் அவனைத் தேற்ற வருகிறார்கள். (அந்த இடம் நமது புங்குடுதீவே என்று கருதுவோரும் உளர்.) அவர்கள் சொல்லும் ஆறுதல் இதுதான்: இந்தப் போரில் நீ கொன்றது ஒன்றரை மனிதரை மாத்திரமே. மும்மணிகளைச் சரணடைந்தவன் ஒருவன், ஐந்து சீலங்களையும் ஏற்றவன் இன்னொருவன். ஏனையோர் நம்பிக்கையற்றவர்கள், விலங்குகளுக்குச் சமமானவர்கள்.

அடியார்களே, இவ்விடத்தில் அந்த அரசன் மீது எமக்குக் கோபம் வருவதில்லை. அவனிடம் மனச்சாட்சி இருந்தது. எல்லாளனுக்கு நினைவிடம் எழுப்பி, அதைக் கடப்போர் வாத்தியங்களை நிறுத்தவேண்டும் என்று கட்டளையிட்டவனும் அவனே. அவனுடைய வருத்தமே அவனுக்குள் இருந்த தருமம். அந்த வருத்தத்தைத் துடைத்தெறிந்தது சமயத்தின் பெயரால் வந்த ஆறுதல். அறவிடமுடியாத கடனைக் கணக்காளன் ஏட்டிலிருந்து நீக்குவது போல, ஆயிரமாயிரம் உயிர்களை ஒரே வரியில் நீக்கிவிட்டார்கள்.

இது புத்த பெருமானின் வழியா? இல்லை என்பதற்குப் பௌத்த அரசனே சாட்சி. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலே கலிங்கப் போரை வென்ற அசோகன், தன் 13ஆம் பாறைச் சாசனத்தில் தானே கணக்கு எழுதினான். கொல்லப்பட்டோர் 1,00,000, நாடு கடத்தப்பட்டோர் 1,50,000, வேறு வகையில் மாண்டோர் அதனினும் பலமடங்கு. அவர்கள் அனைவரும் பகைவரின் மக்கள். இவர் யார், எச்சமயம் என்று கேட்டு அவன் தொகையைக் குறைக்கவில்லை. தன் துயரத்தையும் அதே கல்லில் வெட்டுவித்தான். அசோகனின் மகன் என்று மரபு சொல்லும் மகிந்தரே இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்தவர். ஆகவே ஒரே சமயத்துக்குள்ளே இரண்டு கணக்கு முறைகள் இருந்தன. இலங்கையின் அரசியல் எந்த முறையை எடுத்துக்கொண்டது என்பதை நாம் அனுபவித்தோம்.

1956ஆம் ஆண்டுத் தேர்தலில் பண்டாரநாயக்கா பிக்குகளின் பெருந்துணையோடு ஆட்சிக்கு வந்தார். 1957இல் தந்தை செல்வாவோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். 1958 ஏப்ரலில் பிக்குகள் அவரது வீட்டின் முன் வந்து அமர்ந்ததும் அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார். 1959 செப்ரெம்பரில் அதே வீட்டிலே ஒரு பிக்குவின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். அந்தச் சதியின் மூலவராகத் தண்டிக்கப்பட்டவர், 1956இல் அவருக்காக முன்னின்று உழைத்த களனி விகாராதிபதி. அதிகாரத்தின் கணக்கை அழித்துக் கொடுக்கும் சமயம் ஒரு நாள் அதிகாரத்தின் பங்காளியாகிறது. பங்காளியானபின் பங்குச் சண்டை வராமலிருக்குமா?

எமது வாசல்

இத்துடன் நிறுத்திக்கொண்டால் எல்லோரும் "நன்றாகச் சொன்னார்கள்" என்பார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக் கணக்கை மட்டும் பார்ப்பவன் கணக்காய்வாளன் ஆகான். எமது ஏட்டையும் திறப்போம்.

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வரலாறு உங்களுக்குத் தெரியும். குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அந்த முகம் நீங்கப் பெற்றாள். மா என்றால் குதிரை. குதிரைமுகம் விட்ட புரம் மாவிட்டபுரம். பிறரால் அருவருக்கப்பட்ட ஒருத்திக்கு மனிதமுகம் மீண்ட தலம் அது. அந்தத் தலத்தின் வாசலிலேதான் 1968இல், திருவிழாக் காலத்தில், தாழ்த்தப்பட்டோர் என்று எம்மால் ஒதுக்கப்பட்ட சைவ மக்கள் முருகனை உள்ளே சென்று வணங்க உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கோயிலுக்குள் யாரையும் சாதியின் பேரால் தடுப்பது குற்றம் என்று 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஏற்கனவே சொல்லியிருந்தது. நல்லூர் உட்படச் சில பெருங்கோயில்கள் 1950களிலேயே கதவைத் திறந்துவிட்டன. மாவிட்டபுரத்தில் கதவு மூடப்பட்டது.

தடுத்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் யார்? திரு. சி. சுந்தரலிங்கம் அவர்கள். ஒக்ஸ்போர்டில் படித்தவர், கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர், தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று முதன்முதலில் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர். அவர் மீது அந்தச் சட்டத்தின் கீழ் வழக்கும் நடந்தது. அவர் கல்வியையும் துணிவையும் நாம் குறைத்துச் சொல்லவில்லை. கொழும்பிடம் தமிழனுக்குச் சமவுரிமை கேட்ட அதே வாய், கோயில் வாசலில் தமிழனுக்குச் சமவுரிமை மறுத்தது என்பதே எம்மை உறுத்துகிறது. கணிதம் படித்தவருக்கு அந்தச் சமன்பாடு பிழையாகத் தோன்றவில்லை. ஏனெனில் "இது எங்கள் ஆசாரம், எங்கள் அடையாளம்" என்ற திரை நடுவிலே தொங்கியது. உரிமை கேட்கும்போது "நாம் தமிழர்" என்றோம். கொடுக்க வேண்டி வந்தபோது "நாம்" என்ற சொல் சுருங்கிவிட்டது. வாசலுக்கு வெளியே நின்றவர்களை நாமும் அரை மனிதராகவே எண்ணினோம்.

நாயன்மார் வரிசையில் திருநாளைப்போவாரை வைத்திருக்கிறோம். குருபூசை செய்கிறோம். திருப்புன்கூரிலே நந்தி விலகியதைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறோம். சிலையான பின் நந்தனார் உள்ளே வரலாம். உயிரோடிருந்தால் வெளியே நிற்கவேண்டும் என்பது என்ன நீதி? நந்தியே விலகிய பின்னும் மனிதர் விலகவில்லை என்பதே மாவிட்டபுரத்தின் கதை.

1990இல் போர் காரணமாக வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட அந்தக் கோயிலுக்குள் எந்தச் சாதியாரும் நினைத்தபோது செல்ல முடியாத காலம் வந்தது. "பார்த்தீர்களா, தெய்வ தண்டனை" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். இடம்பெயர்ந்தவர்களுள் தடுத்தவர்களும் இருந்தார்கள், தடுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள், ஒன்றும் அறியாக் குழந்தைகளும் இருந்தார்கள். பிறர் துன்பத்திலே எமது வாதத்துக்குச் சான்று தேடுவதும் பொய்க்கணக்கே.

சொல்லாமல் விட்ட கணக்கு

அதே 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000 பேருக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி, எமது கடைத்தெருவில் எம்மோடு கொடுக்கல் வாங்கல் செய்த மக்கள், கையில் அகப்பட்டதோடு போனார்கள். அதற்கு முன் ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இவை எமது பெயரால் நடந்தவை. எல்லாளனின் மணிக்கயிற்றைப் பசுவும் இழுக்கலாம். அந்த ஒக்ரோபரிலே எமது கோயில் மணிகளின் கயிறு யாருடைய கைக்கு எட்டியது?

அன்று பேசியவனுக்கு உயிர் மிஞ்சாது என்பது உண்மை. அச்சத்தால் வாய்மூடியிருந்த எளிய மக்களை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஹ்விடோவ்ரேயிலே எமக்கு என்ன அச்சம்? இத்தனை ஆண்டுகளாக எமது ஆலயங்களில் எமது மக்களுக்காகப் பிரார்த்தித்திருக்கிறோம், சுடர் ஏற்றியிருக்கிறோம். அது எமது கடமை. அந்தச் சுடர்களிலே ஒன்றாவது அந்த மக்களுக்காக ஏற்றப்பட்டதா என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் சிலருக்கு மனம் பொறுக்காது. "2009இல் முள்ளிவாய்க்காலில் எமக்கு நடந்ததற்கு யார் பதில் சொன்னார்கள்? நாங்கள் ஜெனீவாவிலே பொறுப்புக்கூறல் கேட்டுக்கொண்டிருக்கும்போது, இதை ஏன் இப்போது எடுக்கிறீர்கள்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். கணக்குத் தொழிலில் இதற்கு ஒரு விதி உண்டு. ஒருவர் எமக்குத் தரவேண்டிய கடனை, நாம் இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டிய கடனோடு கழித்துவிட முடியாது. இலங்கை அரசு எமக்குத் தரவேண்டியது அப்படியே நிற்கிறது; அதில் ஒரு சதமும் குறையாது. நாம் முஸ்லிம் அயலவனுக்குக் கொடுக்கவேண்டியதும் அப்படியே நிற்கிறது. வரவேண்டியதை மட்டும் எழுதி, கொடுக்கவேண்டியதை மறைத்த ஏட்டை எந்தக் கணக்காய்வாளனும் ஒப்பமிடமாட்டான். சித்திரபுத்திரனார் ஒப்பமிடுவாரா?

டென்மார்க் எமக்குச் செய்த ஒரு பாடம்

இங்கு பிறந்த பிள்ளைகள் அறியவேண்டிய ஒரு வரலாறு உண்டு. டெனிஷ் மக்கள் அதனைத் தமிழர் வழக்கு என்றே அழைக்கிறார்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி அகதிகளுக்குத் தம் மனைவி மக்களை இங்கு அழைக்கும் உரிமை இருந்தது. 1987இல் நீதியமைச்சர் ஏரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். போர் நடக்கும் நாட்டிலே மனைவியும் பிள்ளைகளும். இங்கே பனியிலே கடிதத்துக்குக் காத்திருக்கும் கணவன். அந்தக் குடும்பங்கள் சில இன்றும் எம்மிடையே இருக்கின்றன.

மக்கள் குறைகேள் அதிகாரி விசாரித்தார். பின்னர் உயர் நீதிமன்ற நீதிபதி மோவன்ஸ் ஹோர்ன்ஸ்லெத் விசாரித்து, ஏறத்தாழ 6,000 பக்க அறிக்கையை 1993 ஜனவரியில் வெளியிட்டார். அதனால் பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசு பதவி விலகியது. அமைச்சர்களை விசாரிக்கும் றிக்ஸ்ரெட்டன் என்ற விசேட மன்றம் கூடி, 1995 ஜூனில் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது.

தண்டனை சிறிது என்பீர்கள். பிரிந்திருந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை என்பீர்கள். இரண்டும் உண்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது 1849ஆம் ஆண்டு அரசியலமைப்பிலிருந்தே ஒரு கிறிஸ்தவ சபையை மக்களின் சபையென ஏற்று ஆதரிக்கும் நாடு. பாதிக்கப்பட்டவர்களோ கறுத்த நிறத்தவர், வேற்று மொழியினர், பெரும்பாலும் சைவர், வாக்குரிமை இல்லாதவர். "இவர்கள் நம்மவர் அல்லர், ஆகவே இதை ஒன்றரையாகக் கணக்கிடுவோம்" என்று அந்த நீதிபதி எழுதவில்லை. முழு மனிதராகவே எண்ணினார். அந்த எண்ணிக்கைக்கு முன்னால் ஓர் அரசே எழும்பிப் போகவேண்டி வந்தது. எல்லாளனின் மணியை எமக்காக இந்நாட்டில் யாரோ இழுத்தார்கள்; அந்த ஓசை கேட்டது.

எமது சங்கத்தின் ஏடு

இனி எமது ஆலயத்துக்கு வருவோம். ஆலயச் சங்கம் ஓர் அரசன்று. ஆனாலும் அதிகாரம் அதிகாரமே. சிறிய ஊசியும் குத்தும். 2018 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, டென்மார்க்கில் அங்கீகாரம் பெற்ற சமய அமைப்புகள் தம் வருடாந்தக் கணக்கறிக்கையை அரசிடம் சமர்ப்பிக்க வேண்டும். அதை எவரும் பார்க்கலாம். அருச்சனைச் சீட்டும் உண்டியலும் உபயப் பணமும் குறோன் கணக்கில் சரியாக வந்துவிடும். அதைச் செய்வது சுலபம். எம்மைப் போன்றவர்கள் செய்து தருவோம்.

குறோனில் எழுத முடியாத கணக்கு ஒன்று உண்டு. திருவிழாவிலே காளாஞ்சி முதலில் யாருக்குப் போகிறது? சமையற்கட்டில் விடியுமுன்னே வந்து பாத்திரம் கழுவுகிறவரின் பெயர் எந்தப் பொதுக்கூட்டத்திலாவது சொல்லப்படுகிறதா? ஒரு பிள்ளை மணமுடிக்க விரும்பும்போது, பெற்றோர் கோயிலில் வைத்தே "எந்த ஊர், எந்தப் பகுதி" என்று விசாரிப்பதன் உட்பொருள் என்ன? அந்தக் கேள்வியின் பொருள் இங்கு பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்கிறோம். நன்றாகத் தெரியும். அதனால்தான் சிலர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாததால் வரவில்லை என்று நாம் பேசிக்கொள்கிறோம்.

அடியார்களே, அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் கணக்கு வாசித்து முடிந்தபின் அரை மணி நேரத்தை ஒதுக்குவோம். யாரும் எழுந்து, தமிழிலோ டெனிஷிலோ, "இந்தக் கோயிலில் எனக்கு இது நடந்தது" என்று சொல்லட்டும். நிர்வாகத்தில் இருப்போர் குறுக்கே பேசாமல் கேட்டு, எழுதி, அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லட்டும். வருகிற ஒக்ரோபரில் ஒரு மாலைப் பூசையிலே 1990இல் வீடிழந்து போன முஸ்லிம் மக்களுக்காகவும் ஒரு விளக்கு ஏற்றுவோம். முடியுமானால் இந்நகரில் வாழும் அவர்களில் ஒருவரை அழைத்து, அருகில் இருத்தி, அவர் சொல்வதைக் கேட்போம். இவற்றுக்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. மனம் மாத்திரம் வேண்டும்.

இறைவன் எமது இனத்தின் காவலாளியாக மட்டும் இருந்தால், எமது பிழையைச் சொல்லித் திருத்த எமக்கு யாரும் இல்லாமற் போய்விடும். எல்லா உயிர்க்கும் அவன் தலைவன் என்றால், அவன் எங்களையும் கேட்பான். கேட்கட்டும். கேட்கும் தெய்வத்தின் முன் நிற்பதுதான் பயமும், அதைவிடப் பெரிய ஆறுதலும்.

எல்லாம் வல்ல எம்பெருமான், முழு மனிதரை முழு மனிதராகவே எண்ணும் கண்ணை எமக்கும் எம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வாராக.

திருச்சிற்றம்பலம்